மீராவுக்குப் பக்கத்தில் மூன்று கொத்துகள்

தேவனாம்பட்டினம் கடற்கரையில் தொலைநோக்கி வைத்துச் சனிக்கோளைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், இயற்பியல் முதுகலை படிக்கும் கடலூர் மாணவி ஒருவர் தம் முறை முடிந்த பிறகும் நகராமல் நின்றார். “ஐயா, ஆயிரம் கோடி ஒளியாண்டுக்கு அப்பால் விண்மீன் திரள்களின் கொத்து ஒன்றை அகச்சிவப்பு ஆய்வில் கண்டு, பிறகு உறுதி செய்தார்கள் என்று படித்தேன். படம் எடுத்தாயிற்று, படத்தில் கூட்டமாகத் தெரிகிறது. அதற்கு மேல் உறுதி செய்ய என்ன இருக்கிறது? அதுவும் அகச்சிவப்பு என்றால் வெப்பம்தானே, அவ்வளவு தூரத்து வெப்பம் இங்கே எப்படி வந்து சேரும்?” என்று கேட்டார். பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூறல் வந்துவிட்டது. தொலைநோக்கியைத் தார்ப்பாயால் போர்த்திக்கொண்டு ஓடும் அவசரத்தில், மீதியை எழுதி அனுப்புகிறேன் என்றேன். அது நீண்டு இப்படி ஆகிவிட்டது.

முதலில் சொல்லைச் சரி செய்துகொள்வோம். நம் பால்வீதி போன்ற ஒன்றைத் திரள் என்கிறேன். அப்படிப்பட்ட திரள்கள் நூறு, ஆயிரம் என்று சேர்ந்து, தமக்குள் இருக்கும் ஈர்ப்பால் கட்டுண்டு ஒரே குடும்பமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் அது கொத்து. செய்தித்தாள்கள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. படிக்கும்போது கவனமாக இருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் அது சின்னது. அகச்சிவப்பு என்றால் வெப்பம் என்பது பள்ளியில் மனத்தில் ஒட்டிக்கொண்ட பாதி உண்மை. நம் உடம்பு அகச்சிவப்பை வீசுகிறது, உண்மைதான். அந்த வீச்சு பத்து மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டி உச்சம் பெறுகிறது. ஆனால் தொலைதூரக் கொத்துகளிலிருந்து நாம் தேடும் அகச்சிவப்பு பிறக்கும்போது அகச்சிவப்பே அல்ல. அது சாதாரண விண்மீன் ஒளி, நம் சூரியன் வீசுவது போன்றதுதான். வழியில் அண்டம் விரிந்துகொண்டே இருந்ததால் அந்த ஒளியின் அலைநீளமும் சேர்ந்து இழுபட்டுவிட்டது. இந்த இழுபாட்டைத்தான் செம்பெயர்ச்சி என்கிறோம். செம்பெயர்ச்சி 1.8 என்றால் அலைநீளம் 2.8 மடங்கு நீண்டிருக்கிறது என்று பொருள். 0.4 மைக்ரானில் ஊதாவாகக் கிளம்பியது 1.12 மைக்ரானில் அகச்சிவப்பாக வந்து சேர்கிறது. பத்தாயிரம் கோடி சூரியன்களின் ஒளி நிறம் மாறி வந்திருக்கிறது. அங்கே எதுவும் கணகணப்பாக இருந்து அதன் சூடு நம்மை எட்டவில்லை.

அந்த 0.4 மைக்ரானை நான் சும்மா எடுக்கவில்லை. வயதான விண்மீன்களின் ஒளியில் அந்த இடத்தில் ஒரு படி இருக்கிறது. அதற்குக் குறைந்த அலைநீளங்களில் வரும் ஒளியை விண்மீன்களின் வளிமண்டலத்தில் இருக்கும் கால்சியம், இரும்பு போன்ற தனிமங்கள் விழுங்கிவிடுகின்றன. அதைத் தாண்டியதும் ஒளி திடீரென்று உயர்கிறது. மாடிப்படியின் முதல் படி எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் மாடி எங்கே என்று ஊகிக்கலாம் அல்லவா? இந்தப் படி நமக்கு எந்த அலைநீளத்தில் தெரிகிறது என்று பார்த்தால் திரள் எவ்வளவு தொலைவு என்று ஊகிக்கலாம். படிக்குக் கீழே ஒரு வடிகட்டி, மேலே ஒரு வடிகட்டி வைத்து இரண்டு படம் எடுத்தால் போதும். ஒன்றில் மங்கலாகவும் மற்றதில் பளிச்சென்றும் தெரியும் புள்ளிகள் எல்லாம் நீங்கள் தேடும் தொலைவில் இருக்க வாய்ப்புள்ளவை.

அருகிலுள்ள கொத்துகளுக்கு இந்த வேலையைச் சாதாரணக் கேமராவே செய்துவிடும். செம்பெயர்ச்சி 1 வரை படி 0.8 மைக்ரானுக்குள் அடங்குகிறது. அதற்கு மேல் போனால் சிக்கல். நம் கைபேசியிலும் பெரும்பாலான தொலைநோக்கிகளிலும் இருக்கும் சிலிக்கான் உணரி 1.1 மைக்ரானைத் தாண்டினால் குருடு. அந்த அலைநீளத்து ஒளித்துகளுக்குச் சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானைக் கிளப்பும் அளவுக்கு ஆற்றல் கிடையாது. எனவே படி சிலிக்கானின் எல்லையைத் தாண்டி ஓடியதும் வேறு உணரி தேவைப்படுகிறது: பாதரசம், காட்மியம், டெலூரியம் சேர்ந்த படிகம். விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதைத் திரவ நைட்ரஜனைக்கொண்டு குளிர்வித்தபடியே வைத்திருக்கவும் வேண்டும்; இல்லாவிட்டால் கருவியின் சொந்த வெப்பமே படத்தை நிரப்பிவிடும். உங்கள் வெப்பம் இங்கேதான் கதைக்குள் வருகிறது, பகையாளியாக.

பகையாளி கருவி மட்டுமல்ல, வானமும்தான். நமக்கு மேலே சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த மூலக்கூறுத் துண்டுகள் இரவு முழுவதும் அகச்சிவப்பில் ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த ஒளிர்வு நாம் தேடும் திரளைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பிரகாசமானது. போதாக்குறைக்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருப்பீர்கள். ஐஸ் நிரப்பிய பெட்டியை எடை போட்டு, பெட்டியையும் ஐஸையும் கழித்து மீனின் எடையைச் சொல்கிறார்கள். அந்தப் பெட்டியில் இருப்பது ஒரே ஒரு இறால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் உருகி ஒழுகிக்கொண்டும் இருக்கிறது. இறாலின் எடை எவ்வளவு? ஒரே வழி, இறாலோடும் இறால் இல்லாமலும் பெட்டியை மாற்றி மாற்றி நூறு தடவை நிறுப்பது. அகச்சிவப்புத் தொலைநோக்கியும் அதைத்தான் செய்கிறது. ஒரு நிமிடத்துக்குள் ஒரு படம், பிறகு வானத்தில் சற்றே நகர்ந்து இன்னொன்று, மறுபடியும் நகர்ந்து இன்னொன்று. பக்கத்துப் படங்களிலிருந்து வானத்தின் ஒளிர்வைக் கணித்துக் கழித்து, மிஞ்சியதை அடுக்கி அடுக்கிச் சேர்த்தால் ஆழமான படம் உருவாகும். ‘ஆழமான ஆய்வு’ என்று செய்தியில் ஒரு சொல்லில் போய்விடுவதற்குள் இத்தனை கழித்தல் இருக்கிறது.

இதில் நான் சூடுபட்டவன். ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலத்தில் ஒரு படத்தில் ஏழு சிவப்புப் புள்ளிகளைக் கண்டேன். அருகருகே இருந்தன, நிறமும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மேசையிலிருந்த அளவுகோலை எடுத்து அச்சிட்ட படத்தின் மேல் வைத்தார். ஏழு புள்ளிகளும் சம இடைவெளியில் இருந்தன. “ஆண்டவன் திரள்களை ஸ்கேல் வைத்து அடுக்குவதில்லை” என்றார். பக்கத்தில் இருந்த பிரகாசமான விண்மீன் ஒன்று உணரியின் மின்சுற்றில் பதித்துவிட்டுப்போன போலித் தடங்கள் அவை. அன்றிலிருந்து எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் முதலில் பக்கத்தில் பெரிய விண்மீன் இருக்கிறதா என்றுதான் தேடுவேன்.

வானம் ஒளிர்கிறது என்பதற்காகப் பூமியிலிருந்து இந்த வேலையைக் கைவிடவில்லை. ஆனால் எந்த இடத்திலிருந்து என்பது முக்கியம். காற்றிலுள்ள நீராவி 1.4 மைக்ரானிலும் 1.9 மைக்ரானிலும் பெரிய சுவர்களை எழுப்புகிறது. அவற்றுக்கு இடையிலுள்ள சன்னல்கள் வழியாகத்தான் பார்க்க வேண்டும். நம் புதுச்சேரிக் காற்றில் அந்தச் சன்னல்களும் பாதி சாத்தியவைதான். அகச்சிவப்பு மேகத்தை ஊடுருவும் என்று அன்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். விண்வெளித் தூசியை ஊடுருவும். நம் மழைமேகத்தை ஊடுருவாது. மேகத்தால் இந்த ஊரில் மனமுடைந்தவர் ஒருவர் உண்டு: 1769 ஜூன் மாதத்தில் வெள்ளி சூரியனைக் கடப்பதை அளக்கப் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டீல். எட்டு ஆண்டுக்கு முந்தைய கடப்பைக் கப்பலில் இருந்ததால் சரியாக அளக்க முடியாமல் போனவர். இந்த முறை கடப்பு நேரத்தில் மேகம் மூடிவிட்டது. அவர் பெயர் இந்தக் கதையில் வருவதற்கு உரிமை இருக்கிறது. ஆந்திரமேடாத் திரளின் துணைத் திரளை 1749-ல் முதலில் கண்டவர் அவர்தான், அது ஒரு திரள் என்று யாருக்கும் தெரியாத காலத்தில். அகச்சிவப்பு ஆய்வுக்கு ஹவாயின் மௌனா கியா, சிலியின் பாலைவன மலைகள், நம் நாட்டில் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள லடாக்கின் ஹான்லே என்று ஈரமற்ற உச்சிகளைத் தேடிப் போவது இதனால்தான். ஜவ்வாது மலைக் காவலூர் நமக்குப் பக்கம். ஆனால் இந்த வேலைக்கு உயரம் போதாது.

இனி முதல் கேள்வி. படத்தில் கூட்டமாகத் தெரிந்த பிறகு உறுதி செய்ய என்ன இருக்கிறது?

இரவில் தேவனாம்பட்டினம் கரையில் நின்று கிழக்கே பாருங்கள். ஏழெட்டு விளக்குகள் ஓரிடத்தில் குவிந்திருக்கும். ஒரே ஊர்ப் படகுகள் சேர்ந்து வலை விட்டிருக்கின்றனவா? அல்லது ஒன்று ஒரு மைலில் நிற்கும் கட்டுமரம், அதன் பின்னால் ஐந்து மைலில் ஒரு விசைப்படகு, அதற்கும் பின்னால் சென்னைக்குப் போகும் சரக்குக் கப்பலா? விளக்கின் திசைதான் கண்ணுக்குத் தெரிகிறது, தொலைவு தெரிவதில்லை. அமெரிக்க வானியலாளர் ஜார்ஜ் ஏபெல் 1958-ல் வெளியிட்ட பட்டியலில் 2,712 கொத்துகள் இருந்தன. பாலமர் வானாய்வகத்தின் புகைப்படத் தகடுகளை உருப்பெருக்கியால் கண்ணால் பார்த்தே தொகுத்தது. மாபெரும் உழைப்பு. ஆனால் அவற்றில் சில, பார்வைக் கோட்டில் ஒன்றன் பின் ஒன்றாக நின்ற வெவ்வேறு கூட்டங்கள் என்று பிறகு தெரியவந்தது. தொலைவு கூடக் கூட நமக்கும் கொத்துக்கும் இடையில் வந்து நிற்பவையும் கூடுவதால், ஆயிரம் கோடி ஒளியாண்டுத் தொலைவில் இந்தக் குழப்பம் பல மடங்கு.

நிறத்தை வைத்துப் பிரிக்கலாமே என்பீர்கள். பிரிக்கிறார்கள். கொத்தின் நடுவில் இருக்கும் வயதான திரள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் விண்மீன்களை உருவாக்கி முடித்தவை. எனவே ஒரே சிவப்பு. பிரகாசத்தையும் நிறத்தையும் வரைபடமாக இட்டால் அவை ஒரே கோட்டில் வரிசைகட்டி நிற்கும். கிளாடர்ஸ், யீ என்ற இருவர் 2000-ல் இந்தச் சிவப்பு வரிசையைக்கொண்டே கொத்துகளைத் தேடும் முறையை வகுத்தார்கள். நல்ல முறை, இன்றும் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது. ஆனால் நிறத்தை வைத்துச் செம்பெயர்ச்சியை ஊகிக்கும்போது, நிறைய வடிகட்டிகள் இருந்தாலும், நூற்றுக்கு மூன்று என்ற அளவில் பிழை வரும். கேட்பதற்குச் சிறியது. செம்பெயர்ச்சி 1.8-ல் அதைத் தொலைவாக மாற்றிப் பார்த்தால் 40 கோடி ஒளியாண்டுக்கு மேல் வருகிறது. கொத்தின் விட்டமோ ஒரு கோடி ஒளியாண்டுக்குள் அடங்கிவிடும். கடலூரில் இருக்கிறார் என்று சொல்ல வேண்டிய ஆளைச் சென்னைக்கும் மதுரைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறார் என்று சொல்வது போல. ஒரே பெட்டியில் பயணம் செய்கிறவர்களா என்று அதை வைத்து எப்படிச் சொல்வது?

ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி இந்தத் தேடலை மாற்றிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 2003 ஆகஸ்டில் ஏவப்பட்டது. அதன் கண்ணாடி 85 சென்டிமீட்டர்தான். குளிர்விக்க வைத்திருந்த திரவ ஹீலியம் 2009 மே மாதத்தில் தீர்ந்தது. அதற்குப் பிறகு 3.6, 4.5 மைக்ரான் என்ற இரண்டு வடிகட்டிகள் மட்டுமே வேலை செய்தன. அந்த இரண்டை வைத்துக்கொண்டு 2020 ஜனவரி வரை ஓட்டினார்கள். அந்த இரண்டே போதுமாக இருந்ததற்குக் காரணம் விண்மீன் ஒளியில் இருக்கும் இன்னோர் அடையாளம். 1.6 மைக்ரானில், விண்மீன்களின் வளிமண்டலம் மற்ற இடங்களைவிடத் தெளிவாக ஒளியை வெளியே விடுகிறது. அதனால் அங்கே ஒரு மேடு. செம்பெயர்ச்சி 1.3-ஐத் தாண்டினால் அந்த மேடு 3.6 மைக்ரானைக் கடந்து 4.5 பக்கம் போய்விடும். எனவே 4.5-ல் கூடுதல் பிரகாசமாகத் தெரியும் திரள்களை மட்டும் வடித்தெடுத்து, அவை எங்கே நெருக்கமாக இருக்கின்றன என்று பார்த்தால் போதும். இன்னொரு வசதி, 4.5 மைக்ரானில் ஒரு பெரிய திரள் செம்பெயர்ச்சி 0.7-லிருந்து 2 வரை ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் தெரிகிறது. தொலைவு கூடுவதால் மங்குவதை, மேடு வடிகட்டிக்குள் நகர்ந்து வருவது ஈடு செய்துவிடுகிறது. சின்னக் கண்ணாடிக்கு இப்படி ஓர் அதிர்ஷ்டம் வாய்ப்பது அபூர்வம்.

இருந்தும் ஸ்பிட்சர் தந்தது பெயர்ப் பட்டியல்தான். அவற்றை வேட்பாளர்கள் என்றே ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். செய்தியாக வரும்போது அந்தச் சொல் உதிர்ந்து ‘கண்டுபிடிப்பு’ ஆகிவிடுவது எனக்கு நெடுநாள் எரிச்சல்.

உறுதி செய்ய நிறமாலை வேண்டும். ஒவ்வொரு திரளின் ஒளியையும் தனித்தனியாகப் பிரித்து, ஹைட்ரஜன், ஆக்சிஜன், கால்சியம் விட்ட கோடுகள் எந்த அலைநீளத்தில் விழுகின்றன என்று அளப்பது. படகின் விளக்கைப் பார்த்து ஊகிப்பதை விட்டு, வயர்லெஸ்ஸில் ஒவ்வொரு படகையும் கூப்பிட்டு ‘எங்கே நிற்கிறாய்’ என்று கேட்பதற்குச் சமம். பூட்டிஸ் என்ற விண்மீன் கூட்டத்தின் திசையில் ஸ்பிட்சர் படங்களைக்கொண்டு தேடிய குழு 2008-ல் ஒரு விதியை வைத்துக்கொண்டது: செம்பெயர்ச்சி 1-க்கு மேல் உள்ள ஒரு வேட்பாளரில், மையத்திலிருந்து சுமார் 65 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்குள், ஒத்த செம்பெயர்ச்சி கொண்ட திரள்கள் குறைந்தது ஐந்து இருந்தால்தான் உறுதி. ஐந்து என்பது வேதவாக்கு அல்ல. ஆனால் அந்த ஐந்தைப் பெறுவதே பெரும்பாடு. பெரிய தொலைநோக்கியில் இரவுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாம் தேடும் கோடு வானத்தின் ஒளிர்வுக் கோடு ஒன்றின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டால் அந்தத் திரளைக் கைகழுவ வேண்டியதுதான். காற்று மண்டலத்துக்கு வெளியே இருப்பதால் ஹப்பிள் விண்தொலைநோக்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் அகச்சிவப்புக் கேமராவில் பொருத்திய நிறப்பிரிகை, ஒரே வீச்சில் படத்திலுள்ள அத்தனை திரள்களின் ஒளியையும் சிறு கோடுகளாக விரித்துக் காட்டிவிடும்.

நான் சொல்வதை ஓர் உதாரணத்தோடு பார்த்தால்தான் பிடிபடும். அதற்குத் திமிங்கிலம் என்ற விண்மீன் கூட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே மீரா என்ற விண்மீன் இருக்கிறது. நம் ஊர் மீராவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. லத்தீனில் வியப்புக்குரியது என்று பொருள். ஏறக்குறைய 332 நாளுக்கு ஒருமுறை கண்ணுக்குத் தெரியும் அளவு பிரகாசமாகிப் பிறகு மறைந்துவிடும். அதைச் சுற்றி ஐந்து முழுநிலா அகலத்துக்குள் மூன்று புகழ்பெற்ற கொத்துகள் இருக்கின்றன. மீராவுக்கும் அவற்றுக்கும் எந்த உறவும் இல்லை, அது நம் பக்கத்துத் தெருக்காரர். வான நடுக்கோட்டை ஒட்டி இருப்பதாலும் பால்வீதியின் தூசியிலிருந்து விலகி இருப்பதாலும், இரு அரைக்கோளத்துத் தொலைநோக்கிகளும் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப ஆழமாகப் படம் எடுத்திருக்கின்றன.

மூன்றில் வழக்கு நடந்தது ஜேகேசிஎஸ் 041 என்பதற்குத்தான். மௌனா கியாவில் இருக்கும் 3.8 மீட்டர் பிரிட்டிஷ் அகச்சிவப்புத் தொலைநோக்கியின் ஆய்வுப் படங்களில் தென்பட்டது. 2009-ல், சந்திரா எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கி அந்த இடத்தில் பரவலான எக்ஸ் கதிர் ஒளியைக் கண்டது. (நம் சந்திரசேகரின் பெயர்தான், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர்.) நிறங்களை வைத்துச் செம்பெயர்ச்சி 1.9 என்றார்கள். அதுவரை தெரிந்ததில் மிகத் தொலைவான கொத்து என்று செய்தி உலகம் முழுவதும் பரவியது. அடுத்த ஆண்டே வேறொரு குழு மறுத்தது. வெவ்வேறு தொலைவில் இருக்கும் சில கூட்டங்கள் ஒரே பார்வைக் கோட்டில் விழுந்ததைத்தான் நீங்கள் ஒன்றாகப் பார்க்கிறீர்கள் என்றது. இரு தரப்பும் ஒரே வானத்தைத்தான் பார்த்தன. நிறமாலை இல்லாமல் யாராலும் முடிவு சொல்ல முடியவில்லை. 2014-ல் ஹப்பிளின் நிறப்பிரிகை 19 திரள்களை அளந்து சொன்னது: கொத்து உண்மை, செம்பெயர்ச்சி 1.80. அதாவது முதல் குழு கொத்து என்றது சரி. தொலைவில் சற்றுத் தவறு. மறுத்தவர்கள் செய்தது தவறா என்றால் நான் இல்லை என்பேன். கையில் இருந்த சான்றுக்கு அந்தச் சந்தேகம் நியாயமானதே.

இரண்டாவது, சிஎல்ஜி ஜே0218.3−0510. மேலே சொன்ன ஸ்பிட்சர் முறையால் சிக்கியது. 2010-ல் இரண்டு குழுக்கள், ஒன்றை ஒன்று சாராமல், சிலியிலுள்ள மெகெல்லன் தொலைநோக்கியையும் ஹவாயிலுள்ள சுபாருவையும்கொண்டு அளந்து ஒரே விடைக்கு வந்தன: 1.62. இரு வீட்டார் தனித்தனியாக ஜாதகம் பார்த்து ஒரே நாளைக் குறித்தது போல. ஆனால் இதன் எக்ஸ் கதிர் மிக மங்கல்.

அந்த மங்கல் ஏன் என்னை உறுத்துகிறது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறமாலை கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நிறமாலை அளப்பது தொலைவை மட்டும் அல்ல. திரள் நம்மை நோக்கியோ விலகியோ ஓடும் வேகமும் அதில் கலந்துதான் வருகிறது. கொத்துக்குள் திரள்கள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வரை ஓடுகின்றன. அந்த வேகத்தைத் தொலைவாகத் தவறாக எடுத்துக்கொண்டால், செம்பெயர்ச்சி 1.8-ல் அது ஐந்து கோடி ஒளியாண்டுக்கு நிகர். இதையே திருப்பிப் போடுங்கள். ஐந்து கோடி ஒளியாண்டு நீளத்துக்கு நம் பார்வைக் கோட்டிலேயே நீண்டு கிடக்கும் ஒரு திரள்களின் இழை, இன்னும் கொத்தாகச் சேராதது, நிறமாலையில் அசல் கொத்து போலவே தோன்றும். தண்டவாளத்தில் நின்று நீளவாக்கில் ரயிலைப் பார்த்தால் எத்தனை பெட்டி என்று தெரியாது.

எனவே மூன்றாவது சாட்சி வேண்டும்: சூடான வாயு. கொத்து ஈர்ப்பால் சுருங்கி ஒன்றாகும்போது, இடையிலுள்ள வாயு ஒரு கோடியிலிருந்து பத்துக் கோடி டிகிரி வரை சூடாகி எக்ஸ் கதிரை வீசுகிறது. ஒரு பெரிய கொத்தில் எல்லா விண்மீன்களையும் சேர்த்தால் வரும் எடையைவிட இந்த வாயுவின் எடை பல மடங்கு. எக்ஸ் கதிரின் அளவு வாயு அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு நொய்மையான கூட்டங்களால் ஓர் அடர்ந்த கொத்து போல நடிக்க முடியாது. இதற்கும் குறை உண்டு. பரவலான எந்த ஒளியும் செம்பெயர்ச்சி 2-ல் 81 மடங்கு மங்கிவிடுகிறது. அந்தக் குறையும் இல்லாத வழி ஒன்றைச் சோவியத் இயற்பியலாளர்கள் சுன்யாயெவும் செல்டோவிச்சும் 1970-ஐ ஒட்டிச் சொன்னார்கள். அண்டத்தின் இளமைக் காலத்திலிருந்து எங்கும் பரவியிருக்கும் நுண்ணலைப் பின்னணி ஒளி கொத்தின் வாயுவைக் கடந்து வரும்போது சற்றுக் கலங்குகிறது. அந்த நிழல் தொலைவால் மங்குவதில்லை. தென்துருவத்திலுள்ள 10 மீட்டர் தொலைநோக்கி இப்படிப் பல நூறு கொத்துகளின் நிழல்களைப் பிடித்திருக்கிறது. ஆனால் நிழலுக்குத் தொலைவு தெரியாது. தொலைவைச் சொல்ல மறுபடியும் அகச்சிவப்புப் படத்திடம்தான் வர வேண்டும்.

மூன்றாவது கொத்து இப்படித் தலைகீழாக வந்தது. எக்ஸ்எல்எஸ்எஸ்சி 122 முதலில் தெரிந்தது ஐரோப்பிய எக்ஸ் கதிர் விண்கலமான எக்ஸ்எம்எம் நியூட்டன் எடுத்த படங்களில், ஒரு மங்கிய எக்ஸ் கதிர்த் திட்டாக. பிறகு அதன் நுண்ணலை நிழல் கிடைத்தது. வாயுவிலுள்ள இரும்பின் எக்ஸ் கதிர்க் கோட்டிலிருந்து செம்பெயர்ச்சி 2-ஐ ஒட்டி என்று தெரிந்தது. கடைசியில் 2020-ல் ஹப்பிள் அகச்சிவப்பு நிறப்பிரிகையால் 37 திரள்களை உறுப்பினர்களாக உறுதி செய்து 1.98 என்றது. அண்டத்துக்கு வயது 330 கோடி ஆண்டுதான் ஆகியிருந்த காலத்தில், நன்றாகச் சேர்ந்து முடிந்த கொத்து. என்னிடம் முத்திரை இருந்தால் தயக்கமின்றிக் குத்துவது இதற்குத்தான். 041-க்கும் குத்துவேன். 0218-ஐ இன்னும் கூடிக்கொண்டிருக்கும் கொத்து என்று எழுதிக் கையெழுத்திடுவேன்.

இத்தனை கறார் எதற்கு? இவ்வளவு பெரிய கொத்துகள் எந்தக் காலத்தில் எத்தனை இருந்தன என்ற எண்ணிக்கை, அண்டத்தில் எவ்வளவு பொருள் இருக்கிறது, விரிவு எப்படி ஈர்ப்பை வென்றது என்பதற்கு நேரடியான அளவுகோல். மிகப் பெரியவை மிகச் சிலவே என்பதால், பட்டியலில் பத்துப் போலிகள் நுழைந்தாலும் கணக்கு வேறு பக்கம் சாய்ந்துவிடும். 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் விண்தொலைநோக்கி வானத்தில் மூன்றில் ஒரு பங்கை 2 மைக்ரான் வரை அகச்சிவப்பில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. வேட்பாளர்கள் வண்டி வண்டியாக வருவார்கள். ஒவ்வொருவருக்கும் நிறமாலை எடுக்க உலகத்தில் தொலைநோக்கி நேரம் கிடையாது. எனவே சிலரை மட்டும் தேர்ந்து முழுமையாகச் சோதித்து, அதிலிருந்து மற்றவர்களில் எத்தனை பேர் போலி என்று கணிக்கும் புள்ளியியல்தான் இனிமேல் பெரிய வேலை. கணிதம் நன்றாக வருமென்றால் அந்தப் பக்கம் யோசியுங்கள்.

தூறலில் ஓடும்போது நீங்கள் கடைசியாகக் கேட்டது, கடலூரில் உட்கார்ந்துகொண்டு இதில் எதையாவது செய்ய முடியுமா என்பது. முடியும். நான் பெயர் சொன்ன ஆய்வுகளின் படங்கள் பெரும்பாலும் பொதுவில் கிடைக்கின்றன. யூக்ளிடின் முதல் தவணை 2025 மார்ச்சில் வெளியாயிற்று, 63 சதுர பாகை. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் தரவு மையம் தரும் அலாடின் என்ற மென்பொருள் இலவசம், உலாவியிலேயே ஓடும். அதில் வல ஏற்றம் 2 மணி 26 நிமிடம் 44 விநாடி, நடுவரை விலக்கம் −4 பாகை 41 கலை 37 விகலை என்று இடுங்கள். பூமிக்குத் தீர்க்கரேகை, அட்சரேகை போல வானத்துக்கு இவை. அது 041-இன் மையம். முதலில் சாதாரண ஒளியில் எடுத்த படத்தைப் பாருங்கள். நடுவில் குறிப்பிட்டுச் சொல்ல எதுவும் இருக்காது. பிறகு அகச்சிவப்புப் படங்களில் கிடைப்பதிலேயே ஆழமானதை அதன்மேல் இட்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். எதெல்லாம் புதிதாக முளைக்கிறது என்று எண்ணி, பிரகாசமான விண்மீன் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் குறித்து எனக்கு எழுதுங்கள். கண்ணால் அந்தத் திசையைப் பார்க்க விரும்பினால், டிசம்பர் நடுவில், மழை விட்ட ஓர் இரவு ஒன்பது மணி வாக்கில், தலைக்கு நேர் மேலிருந்து பதினாறு பாகை தெற்கே பாருங்கள். நீட்டிய கையில் மடக்கிய முட்டி பத்துப் பாகை. ஒன்றரை முட்டி இறங்கினால் போதும். அந்த மாதம் மீரா தெரிகிற மாதமாக இருந்தால் வழிகாட்டியும் கிடைக்கும்.